உப்பிலிருந்து நிலக்கரி வரை: கோவாவின் சரக்குப் பாதை

கோவாவின் இருப்புப்பாதை சரக்கை நினைத்துப் போடப்பட்டது. தக்காணத்தின் விளைபொருட்களை மர்மகோவா துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் முதல் நோக்கம். 1878 டிசம்பரில் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் செய்துகொண்ட உடன்படிக்கை அதற்கு வழி திறந்தது. 1888இல் மேற்குத் தொடர்ச்சி மலையேறி எல்லை வரை மீட்டர் கேஜ் பாதை எட்டியது.

அவ்வுடன்படிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. கோவாவின் உப்பு உற்பத்தி ஆங்கிலேய அரசின் கட்டுப்பாட்டுக்குள் சென்றது. ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் போர்த்துகீசிய அரசுக்குக் கிடைத்தது. பணம் அரசுக்கு, இழப்பு உப்பளத்தில் உழைத்தவர்களுக்கு. 1892இல் உடன்படிக்கை முடிவுக்கு வந்தது, தண்டவாளம் நிலைத்துவிட்டது.

1990களில் அப்பாதை அகலப்பாதையாக மாறியது. துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, கர்நாடகத்தின் எஃகு ஆலைகளை நோக்கி அதன் வழியே மலையேறுகிறது. வெல்சாவ், அரோசிம், கான்சாவலிம் போன்ற கடலோர ஊர்களில் பழைய வீடுகளின் வாசலை ஒட்டியே ரயில் செல்கிறது. ஒற்றைப் பாதையை இரட்டையாக்கும் திட்டம் வந்தபோது, கரித்தூசியும் அதிர்வும் இருமடங்காகும் என்று அவ்வூரார் அஞ்சினர். பயணிகள் ரயில்களுக்கும் இது பயன்படும் என்பது அரசுத் தரப்பின் வாதம்.

எதிர்ப்பு ஒரு கொங்கணித் தொடரில் திரண்டது: ‘கோயாந்த் கோள்சோ நாகா’, அதாவது கோவாவில் நிலக்கரி வேண்டாம். ‘நாகா’ என்பது தமிழின் ‘வேண்டாம்’ போன்றதே. யாருக்கு வேண்டாம் என்று சொல்லாமலே முழுமை பெறும் சொல். மீனவரும் உழவரும் மாணவரும் அதைத் தமதாக்கிக்கொள்ள அந்த இலக்கணமே இடம் தந்தது. 2020 நவம்பர் 1 இரவு சாந்தோரில் பெருந்திரளான மக்கள் மெழுகுவர்த்திகளுடன் ரயில் பாதையருகே கூடி, விடியும்வரை விழித்திருந்தனர்.

2022 மே 9 அன்று, கேசில்ராக்கிற்கும் குலேமிற்கும் இடையே வனவிலங்குக் காப்பிடங்களின் ஊடாகச் செல்லும் பகுதியில் இரட்டைப் பாதைக்குத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு அளித்திருந்த ஒப்புதலை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முறையான ஆய்வுக்குப் பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்ற வழியையும் அது திறந்தே வைத்தது.

அத்தீர்ப்பு காட்டோடு நின்றது. கடலோர ஊர்களுக்கு அது எட்டவில்லை. காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது. காட்டின் வழியே பாதை போட ஒரு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும்; அந்த ஒப்புதலை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். ஆனால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, முன் அனுமதி தேவைப்படும் பணிகளின் பட்டியலில் ரயில் பாதைகளைச் சேர்க்கவில்லை. எனவே அந்த அறிவிக்கையின்கீழ், பாதையோரக் குடும்பங்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் எழவில்லை.

1878இல் உப்பளத்தாரை எவரும் கேட்கவில்லை. குடியரசில் அந்தப் பழைய மௌனத்துக்கு இடமிருக்கலாகாது என்பதே சாந்தோரில் விழித்திருந்தவர்களின் கோரிக்கை.