எழுபது வளைவுக்கு ஒரு பழைய வண்டி

போன ஆடி மாதம் என் தங்கை மகன் போன் செய்தான். கொல்லிமலையில் செம்மேடு பக்கம் அரசுப் பள்ளியில் வாத்தியார். "மாமா, பைக்கை விட்டுட்டு ஒரு பழைய எஸ்.யூ.வி. வாங்கலாம்னு இருக்கோம். தினம் பள்ளிக்கூடத்துக்கும் அதுதான், நாமக்கல் போகவும் அதுதான். நீங்க ஆபீஸ்ல வண்டிக் கணக்கு பார்த்தவரு, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். அவன் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். பரிசோதனைக்கு மாதாமாதம் மலை இறங்கி ஏற வேண்டும். காரவள்ளிக்கும் சோளக்காட்டுக்கும் நடுவே எழுபது கொண்டை ஊசி வளைவு. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிற பாதையா அது?

எனக்கு ஸ்கூட்டரைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஆனால் பல வருஷம் அரசாங்க வண்டிகளின் லாக் புக்கைச் சரிபார்த்தவன். வண்டி கண்டமாகி ஏலத்துக்குப் போகும் வரை அதன் ஃபைல் என் மேஜையில்தான் இருக்கும். பழைய வண்டியைப் பற்றிக் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எஞ்சின் இல்லை, காகிதம்தான். அதனால் கதையை நம் நாடு வாங்கிய பழைய ஜீப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948. காஷ்மீரில் சண்டை நடக்கிறது, ராணுவத்துக்கு அவசரமாக ஜீப் வேண்டும். லண்டனில் நம் ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறையைத் தாண்டி ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு சுமார் 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். பணத்தின் பெரும்பகுதி முன்னாலேயே போய்விட்டது. வந்து சேர்ந்தவை 155 ஜீப். யுத்தத்தில் ஓடித் தேய்ந்து, தட்டிக்கொட்டி பெயின்ட் அடித்த வண்டிகள், ராணுவத்துக்கு உதவவில்லை. நாடாளுமன்றத்தில் பல வருஷம் இது ஓடியது. 1955 செப்டம்பர் 30-ந் தேதி விஷயம் முடிந்தது என்று அரசு அறிவித்தது. மேனன் அடுத்த வருஷமே மந்திரியானார். சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று சொல்லப்படுகிற விவகாரமே பழைய நான்கு சக்கர வண்டி வாங்கியதுதான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். வண்டியைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது என்று எந்தக் கடைநிலை எழுத்தரும் குறிப்பு எழுதியிருப்பான்.

அதே காலத்தில் உள்நாட்டிலும் ஜீப் தயாராகத் தொடங்கிவிட்டது. 1945-ல் லூதியானாவில் மஹிந்திரா அண்ட் முகமது என்று ஆரம்பித்த நிறுவனம், பங்குதாரர் பாகிஸ்தான் போனபின் 1948-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. அமெரிக்க வில்லீஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து பம்பாயில் கோர்த்தார்கள். 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தபின் வட்டார அலுவலகங்கள் முளைத்தன, ஜீப் கிராமத்துக்கு வந்தது. பி.டி.ஓ. ஜீப் என்றால் எங்கள் தலைமுறைக்குத் தெரியும். புழுதி தெரிந்ததும் சிறுவர்கள் ஓடுவார்கள், பெரியவர்கள் துண்டைத் தோளிலிருந்து எடுப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு யுனிசெஃப் கொடுத்த வண்டிகளும் உண்டு. புளியஞ்சோலை பக்கமிருந்து செங்குத்தாக நடந்தே மலையேறி அறப்பளீசுவரரைக் கும்பிட்ட ஜனங்களுக்கு, சக்கரம் வைத்த எதுவும் அதிசயம்தான்.

அந்த ஜீப்புகள் பெட்ரோல் குடித்தன. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் எல்லாரும் டீசலுக்குத் தாவினார்கள். முதலில் ஜீப்பில் டிராக்டர் எஞ்சினையே தூக்கி வைத்தார்கள். இன்டர்நேஷனல் பி-275 என்று பெயர். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பிறகு 1980-களில் பிரான்சிலிருந்து பெஜோ டீசல் எஞ்சினின் உரிமம் வந்தது. எக்ஸ்.டி.பி. 4.90 என்று பெயர், 2,112 சி.சி. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அலுவலகத்துக்கு வந்த உதிரிபாகப் பட்டியலில் 'பியூகாட்', 'பிஜியோட்' என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். நான் சிவப்பு மையில் 'பெஜோ' என்று திருத்துவேன். சூபரின்டென்டென்ட் ஒருநாள் கூப்பிட்டு, "ஐயா, பேரைத் திருத்தினது போதும், தொகையைக் கூட்டிப் பாருங்க" என்றார். கூட்டல் தப்பாகத்தான் இருந்தது.

அந்தப் பெஜோ வம்சம் சீக்கிரம் அழியவில்லை. எம்.எம். 540 ஜீப், 1990-களின் அர்மடா, அதிலிருந்து 2000-ல் பிறந்த பொலேரோ என்று இரண்டரை லிட்டர் உருவில் வளர்ந்தது. நடுவில் 1994-ல் டாடா சுமோ, 2000-ல் டொயோட்டா குவாலிஸ், 2002-ல் ஸ்கார்பியோ. இவற்றில் பெரும்பாலானவை வாடகைக்கும் கல்யாணத்துக்கும் கட்சிக்கும் ஓடியவை. தினசரி வீட்டுக்கு என்று நினைத்து வாங்கினவர்கள் குறைவு.

2012 ஜூலையில் ரெனோ டஸ்டர் வந்தபோதுதான் அது மாறியது. ருமேனியாவின் டாசியா நிறுவனம் போட்ட உருவம். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாரானது. 4.3 மீட்டர் நீளம், 205 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 1,461 சி.சி. டீசல். லாரிச் சட்டத்தின்மேல் கூண்டு வைத்த பழைய பாணி இல்லை. கார் மாதிரி ஒரே உடல். 2013 பட்ஜெட்டில் சிதம்பரம் எஸ்.யூ.வி.களுக்குக் கலால் வரியை 27-லிருந்து 30 சதவீதமாக ஏற்றினார். அப்போது அரசாணைக்கு எஸ்.யூ.வி. என்றால் என்ன என்று வரையறை தேவைப்பட்டது: நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சி.சி.க்கு மேல் எஞ்சின், 170 மில்லிமீட்டர் இடைவெளி. டஸ்டர் டீசல் சி.சி.யில் 39 குறைந்து தப்பித்தது. ஊர் முழுக்க எஸ்.யூ.வி. என்று கூப்பிட்ட வண்டி, கலால் ஃபைலில் எஸ்.யூ.வி. இல்லை. 2015-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து ஹூண்டாய் கிரெட்டா வந்தது, டஸ்டரின் கூட்டம் அங்கே போனது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்ததும் ரெனோ டீசலை நிறுத்தியது. 2022-ல் அந்த டஸ்டரின் தயாரிப்பே இங்கே நின்றது.

மருமகன் முன்னால் மூன்று வண்டி இருந்தது. அடிவாரத்தில் ஒரு விவசாயியின் 2014 பொலேரோ. புதுச்சேரிப் பதிவில் ஒரு 2015 டஸ்டர், நாற்பதாயிரம் மலிவு. நாமக்கல் பதிவில், டி.என். 28 எண்ணோடு, இன்னொரு டஸ்டர்; 2016, மேல் ரகம், விலை கூட. டில்லிப் பதிவில் ஒரு ஸ்கார்பியோவும் தரகர் காட்டினார், பளபளவென்று. அதை நான் உடனே கழித்துவிட்டேன். தலைநகர் வட்டாரத்தில் பத்து வயதான டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதன் பிறகு அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே வருகின்றன. எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டியின் பழைய சர்வீஸ் பில்லை யார் டில்லி போய்த் தேடுவது?

புதுச்சேரி டஸ்டர்மேல் எனக்கு ஆசைதான், ஊர்ப்பாசம். ஆனால் கணக்கு பிடிக்கவில்லை. வேறு மாநிலப் பதிவு வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் மறுபதிவு செய்யவேண்டும். படிவம் 28-ல் அங்கிருந்து தடையில்லாச் சான்று. பிறகு இங்கே வண்டியின் வயசைப் பார்த்து ஆயுள் வரி. நாற்பதாயிரம் மலிவு அங்கேயே கரைந்துவிடும். அதோடு அந்த ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு அப்படியே இருந்தது. "கடன் முடிஞ்சிருச்சு சார்" என்றார் தரகர். முடிந்திருந்தால் படிவம் 35 எங்கே? பேச்சு அதோடு நின்றது.

இதில் எனக்குச் சொந்தச் சூடு உண்டு. வேலையில் இருந்த காலத்தில் என் ஸ்கூட்டரைத் தெரிந்தவர் ஒருவருக்கு விற்றேன். "அடுத்த வாரம் பேர் மாத்திக்கிறேன்" என்றார், நானும் விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து, யாரோ ஒரு பெரியவர்மேல் மோதிய வழக்கில் எனக்கு நோட்டீஸ் வந்தது. காப்பீடும் காலாவதி. தினமும் மற்றவர் ஃபைலில் குறை கண்டுபிடித்தவன், என் காகிதத்தைப் பார்க்கவில்லை. 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே தெளிவாகச் சொன்னது: பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் சொந்தக்காரர், விற்றேன் என்பதால் நஷ்டஈட்டிலிருந்து தப்ப முடியாது. நான் அந்தத் தீர்ப்புக்கு முன்னாலேயே தவணையில் கட்டி முடித்திருந்தேன்.

மிச்சம் பொலேரோவும் நாமக்கல் டஸ்டரும். மருமகனுக்குப் பொலேரோதான். "மாமா, மலைமேல எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுவான். டஸ்டருக்கு ஒண்ணுன்னா சேலம் போகணும்." நியாயமான வாதம். பலாவும் மிளகும் அன்னாசியும் ஏற்றி இறங்குகிற வழியில், வண்டி நின்றால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வேண்டும். எனக்கும், ஒரு காலத்தில் பெஜோ எஞ்சின் ஓடிய வம்சமாயிற்றே என்று ஒரு பாசம். ஆனால் அந்த வருஷத்துப் பொலேரோவில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, பின்னால் பக்கவாட்டு சீட். டஸ்டரும் அந்த விஷயத்தில் உத்தமன் இல்லை: 2017-ல் குளோபல் என்கேப் இடித்துப் பார்த்தபோது ஏர்பேக் இல்லாத கீழ் ரகத்துக்குப் பூஜ்ய நட்சத்திரம். அதனால்தான் மேல் ரகமாகப் பார்த்தோம். இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். இருந்தது. உதிரிபாகக் கவலையும் நினைத்த அளவு இல்லை. அதே 1.5 டீசல் எஞ்சின் நிசான் டெரானோ, சன்னி, மஹிந்திரா வெரிட்டோ என்று பல வண்டிகளில் ஓடியிருக்கிறது.

இரண்டையும் மலையில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஏறும்போது இல்லை, இறங்கும்போது. எந்தக் கியரில் ஏறினாயோ அதிலேயே இறங்கு, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதே. ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடு, அது சட்டமும்கூட. நானும் ராசிபுரத்திலிருந்து போய்ச் சேர்ந்துகொண்டேன். பொலேரோவில் பாதி தூரம் வந்ததும் முன் சக்கரத்திலிருந்து கருகின வாசனை. தேய்ந்த பிரேக் லைனிங், மாற்றினால் சரியாகிவிடும், அது ஒரு குற்றமில்லை. ஆனால் மருமகள் முப்பத்தைந்தாவது வளைவிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். டஸ்டரில் அடிவாரம் வரை உட்கார்ந்து வந்தாள். முகம் வெளுத்துத்தான் இருந்தது, ஆனால் இறங்கவில்லை.

"மாமா, நீங்க ரெண்டு பேரும் எஞ்சினைப் பத்திப் பேசுங்க. எழுபது வளைவுலயும் எனக்கு வாந்தி வராத வண்டி எதுவோ, அதுதான்" என்றாள்.

அதற்குமேல் வாதாட என்ன இருக்கிறது? நாமக்கல்லில் லாரி வேலை பார்த்துப் பழகிய ஒரு மெக்கானிக் டஸ்டரைத் தூக்கிப் பார்த்தார். கிளட்ச் பாதி ஆயுளில், முன் சஸ்பென்ஷன் புஷ் மாற்ற வேண்டும் என்றார். டயரில் நாலு இலக்க எண்ணைப் படித்துக் காட்டினார், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பட்டன் நிறைய இருந்தாலும் டயர் ஏழு வயசு. டைமிங் பெல்ட் மாற்றியதற்குப் பில் இருக்கிறதா என்று அவர் கேட்டதும் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். செலவு எஞ்சின் விலைக்கு நெருங்கும். பில் இல்லை. பெல்ட்டும் நான்கு டயரும் விலையிலிருந்து கழித்துப் பேசினோம். மீட்டர் 82 ஆயிரம் காட்டியது. நான் சர்வீஸ் பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் எழுதியிருந்த கிலோமீட்டர் ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்த்தேன். போயிற்று. வாழ்க்கையில் என் உத்தியோகம் ஒரு குடும்பத்துக்குப் பயன்பட்ட நாள் அதுதான் என்று தங்கை சொன்னாள். பாராட்டா கிண்டலா தெரியவில்லை.

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மீதிப் பணத்தைக் கொடுக்கவிட்டேன். காப்பீடும் பதினாலு நாளுக்குள் மாறியது. ஆர்.சி. புத்தகத்தில் அவன் பெயர் ஏறி வந்த அன்று போட்டோ எடுத்து அனுப்பினான். நான் பதிலுக்கு ஒரு நூறு பக்க நோட்டை கூரியரில் அனுப்பினேன், பழைய அலுவலக முறைப்படி கோடு போட்டு: தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், மீட்டர், டீசல், ரிப்பேர், கையெழுத்து.

மார்கழியில் போனபோது எடுத்துப் பார்த்தேன். முதல் பத்துப் பக்கம் அவன் கிறுக்கல். அப்புறம் மருமகளின் கையெழுத்து, குண்டு குண்டாக. ஒரு பதிவில் மட்டும் மீட்டர் எண் இல்லை. நள்ளிரவு 1.40, செம்மேடு - நாமக்கல் என்று அவன் எழுதியிருக்கிறான். அடுத்த வரியில் நான்கு நாள் கழித்து, நாமக்கல் - செம்மேடு, மூன்று பேர்.