ஜாவாவும் படிவங்களும்: ஒரு சின்ன வரலாறு



இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஓர் உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தேன். கடைசி நாள், இரவு நேரம். பெயர், அப்பா பெயர், வருமானம், வங்கிக் கணக்கு, மதிப்பெண் என்று முப்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகள். எல்லாவற்றையும் நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், "கைபேசி எண் தவறு" என்று ஒரு சிவப்பு வரி வந்தது. எண்ணுக்கு நடுவில் ஓர் இடைவெளி விட்டிருந்தேன், அவ்வளவுதான். கீழே பார்த்தால் அத்தனை பெட்டிகளும் காலி! மறுபடி முதலிலிருந்து நிரப்பினேன். இந்த முறை ஏற்றுக்கொண்டது. ஆனால் தமிழில் எழுதச் சொல்லியிருந்த பெயர், ரசீதில் வெறும் கேள்விக்குறிகளாக வந்தது. அதைத் திருத்த ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன்.

அடுத்த செமஸ்டரில் ஜாவா லேபில் மினி ப்ராஜெக்ட் வந்தது. மாணவர் பதிவுக்கு ஒரு படிவம் செய்தேன். ஓடவிட்டுப் பார்த்தால் அதுவும் ஒரு பிழைக்கு எல்லாப் பெட்டிகளையும் காலி செய்தது. தமிழையும் கெடுத்தது. திட்டிய வாயை மூடிக்கொண்டு, இது ஏன் இப்படி நடக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்த கதைதான் இந்தக் கட்டுரை.

சிஜிஐ காலம்

1993-ல் மொசைக் பிரௌசரில் படிவங்கள் வந்தன. அதே ஆண்டில், மொசைக்கை உருவாக்கிய என்சிஎஸ்ஏ மையத்தின் சர்வரில் சிஜிஐ என்ற ஏற்பாடும் வந்தது. படிவத்தில் எழுதியதை எல்லாம் "பெயர்=மதிப்பு" என்ற ஜோடிகளாகக் கோத்து பிரௌசர் அனுப்பும். சர்வர் ஒரு நிரலை ஓடவிட்டு அதனிடம் கொடுக்கும். நிரல் ஒரு பக்கத்தை அச்சடித்துவிட்டுச் செத்துப்போகும். பெரும்பாலும் பெர்ல் மொழியில்தான் எழுதினார்கள்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய பிராசஸ் தொடங்கியதால், கூட்டம் கூடினால் சர்வர் திணறியது. இரண்டு, எச்டிடிபி எதையும் நினைவில் வைப்பதில்லை. நீங்கள் நிரப்பி அனுப்பிய பக்கமும் திரும்பி வரும் பக்கமும் வேறு வேறு. அந்தப் புதிய பக்கத்தில் உங்கள் எழுத்தை யாராவது மெனக்கெட்டுத் திரும்ப எழுதினால்தான் அது இருக்கும். என் முப்பது பெட்டிகளும் காலியானதற்கு இதுதான் மூல காரணம். பக்கம் எதையும் அழிக்கவில்லை. யாரும் திரும்ப எழுதவில்லை.

சர்வ்லெட்

1995-ல் சன் நிறுவனம் ஜாவாவை வெளியிட்டபோது எல்லோரும் பேசியது பிரௌசருக்குள் ஓடும் ஆப்லெட்டைப் பற்றித்தான். சர்வர் பக்கத்துக்கு அதன் தம்பியாக சர்வ்லெட் வந்தது. அதன் முதல் வரையறையை எழுதியவர் சன் நிறுவனத்தில் இருந்த பவ்னி திவாஞ்சி. 1997-ல் சர்வ்லெட் 1.0 வெளியானது.

சிஜிஐ போல ஒவ்வொரு முறையும் பிறந்து சாகாமல், சர்வ்லெட் ஒரே ஒரு ஆப்ஜெக்டாக நினைவகத்தில் இருக்கும். வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு திரெட் அதற்குள் நுழையும். வேகம் கூடியது. கூடவே ஒரு புதுப் பொறியும் வந்தது. படிவத்தில் வந்த பெயரை சர்வ்லெட் கிளாஸின் மாறியில் வைத்துவிட்டால், அதே நொடியில் வேறொருவர் நுழையும்போது அவர் பெயர் உங்கள் பக்கத்தில் தெரியும். எங்கள் லேபில் பாதிப் பேருக்கு இது நடந்தது. ஒருவர் மட்டும் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். வகுப்பே சேர்ந்து சோதிக்கும்போதுதான் வெடிக்கும்.

இன்னொரு தொல்லை, பக்கம் முழுவதையும் ஜாவா வரிகளுக்குள் மேற்கோள்குறி போட்டு அச்சடிக்க வேண்டியிருந்தது. ஒரு நிறத்தை மாற்றக்கூட நிரலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

ஜேஎஸ்பி

மைக்ரோசாஃப்ட் 1996-ல் ஏஎஸ்பி கொண்டுவந்து, பக்கத்துக்குள்ளேயே நிரலை எழுதலாம் என்று காட்டிவிட்டது. சன் தந்த பதில் ஜேஎஸ்பி. 1.0 பதிப்பு 1999-ல் வந்தது. இப்போது தலைகீழாக, பக்கத்துக்குள் ஜாவா. ஆரம்பத்தில் சுகமாக இருந்தது. கொஞ்ச நாளில் ஒரே கோப்பில் படிவமும், சரிபார்ப்பும், டேட்டாபேஸ் வேலையும் கலந்து சாம்பார் ஆனது.

இதற்கான மருந்து பழையது. 1970-களின் கடைசியில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ட்ரிக்வே ரீன்ஸ்காக் யோசித்த எம்விசி முறைதான் அது. தகவல் ஓரிடம், காட்சி ஓரிடம், இரண்டையும் இயக்குபவர் ஓரிடம். ஜேஎஸ்பி உலகில் இதற்கு 'மாடல் 2' என்று பெயர் வைத்தார்கள். சர்வ்லெட் படிவத்தை வாங்கும், வேலையை முடிக்கும், முடிவை ஒரு பீனில் வைத்து ஜேஎஸ்பியிடம் தள்ளிவிடும். ஜேஎஸ்பி காட்ட மட்டும் செய்யும்.

ஸ்ட்ரட்ஸ்: மறக்காத படிவம்

மாடல் 2 நல்ல யோசனை. ஆனால் ஒவ்வொருவரும் அதைத் தாங்களே எழுத வேண்டியிருந்தது. கிரெய்க் மெக்லனஹன் எழுதி 2000-ல் அப்பாச்சிக்குக் கொடுத்த ஸ்ட்ரட்ஸ் அந்தச் சுமையைக் குறைத்தது. 1.0 பதிப்பு 2001-ல் வந்தது.

என் பிரச்சினைக்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. ஸ்ட்ரட்ஸில் ஒவ்வொரு படிவத்துக்கும் 'ஆக்‌ஷன்ஃபார்ம்' என்று ஒரு பீன் உண்டு. பெட்டியின் பெயரும் பீனில் உள்ள பண்பின் பெயரும் ஒன்றாக இருந்தால், ஃபிரேம்வொர்க்கே மதிப்பை எடுத்து உள்ளே போட்டுவிடும். பிறகு சரிபார்ப்பு. பிழை இருந்தால் அதே பீனோடு பழைய பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும். பக்கத்தில் உள்ள ஸ்ட்ரட்ஸ் டேக்குகள் பீனைப் பார்த்துப் பெட்டிகளைத் தாமே நிரப்பிக்கொள்ளும். பிழையான பெட்டியை மட்டும் திருத்தினால் போதும்.

இதில் ஒரு நுணுக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆக்‌ஷன்ஃபார்மில் வயது, தொகை போன்றவற்றைக்கூட எண்ணாக வைக்காமல் ஸ்ட்ரிங்காக வைக்கச் சொன்னார்கள். ஏன்? வயதுப் பெட்டியில் ஒருவர் "இருபது" என்று எழுதினால், எண் வகை மாறியில் அதை வைக்கவே முடியாது. வைக்க முடியாததைத் திருப்பிக் காட்டவும் முடியாது. பயனர் செய்த தவறையும் பத்திரமாக வைத்திருந்தால்தான், "நீங்கள் எழுதியது இது, இதில் இங்கே பிழை" என்று சொல்ல முடியும்.

பின்னால் வந்தவர்கள் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். 2004-ல் வந்த ஜேஎஸ்எஃப், பயனர் அனுப்பியதை ஓர் இடத்திலும் மாற்றிய மதிப்பை இன்னோர் இடத்திலும் வைத்தது. அதே ஆண்டு 1.0 ஆன ஸ்பிரிங், நிராகரித்த மதிப்பைப் பிழைச் செய்தியோடு சேர்த்தே வைத்தது. 2007-ல் ஸ்பிரிங் 2.5 வந்தபிறகு எக்ஸ்எம்எல் கோப்புகளில் எழுதிக் குவித்ததெல்லாம் குறைந்து, கிளாஸின் மேல் ஒரு குறிப்பு எழுதினாலே போதும் என்றானது.

ரெஃப்ரெஷ் செய்தால் என்ன ஆகும்?

படிவம் சரியாகப் போய்விட்டது, 'பணம் கட்டியாயிற்று' என்று பக்கம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ரெஃப்ரெஷ் அழுத்தினால்? பிரௌசர் கடைசியாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும். கடைசி வேலை படிவத்தை அனுப்பியதுதான். அதாவது இரண்டாவது முறையும் பணம் போகும்.

இதற்கு வழி, வேலை முடிந்ததும் நேராகப் பக்கத்தைக் காட்டாமல் "அந்த முகவரிக்குப் போ" என்று பிரௌசரை அனுப்பிவிடுவது. 1997-ல் வந்த எச்டிடிபி 1.1-ல் இதற்கென்றே 303 என்ற எண் உண்டு. இப்போது ரெஃப்ரெஷ் செய்தாலும் முடிவுப் பக்கம்தான் திரும்ப வரும். பொறுமை இல்லாமல் பொத்தானை இரண்டு முறை அழுத்துபவர்களுக்காக, ஸ்ட்ரட்ஸ் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒருமுறை மட்டும் செல்லும் டோக்கன் கொடுத்தது. நம் ஊர் கல்யாணப் பந்தி டோக்கன் மாதிரிதான்!

தமிழ் எங்கே தொலைந்தது?

இது நம் கதை. படிவத்தை அனுப்பும்போது பிரௌசர் பெரும்பாலும் எந்த எழுத்துக்குறி முறையில் அனுப்புகிறேன் என்று சொல்வதில்லை. சொல்லாவிட்டால் ஐஎஸ்ஓ 8859-1 என்று எடுத்துக்கொள் என்கிறது சர்வ்லெட் விதி. அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். "அம்மா" என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறிகள், ஆக 15 பைட். அதை ஐரோப்பிய எழுத்தாகப் படித்தால், பைட்டுக்கு ஒன்று வீதம் 15 புரியாத எழுத்துகள் ஆகும். உள்ளே வரும்போது நடக்கும் விபத்து இது.

வெளியே போகும்போது இன்னொரு விபத்து. பக்கத்தை எழுதும் முறையையும் சொல்லாவிட்டால் அதுவும் 8859-1 ஆகிவிடும். அதில் தமிழுக்கு இடமே இல்லாததால், ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி விழும். என் ரசீதில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

2001-ல் வந்த சர்வ்லெட் 2.3-ல்தான் "இதை இந்த முறையில் படி" என்று கோரிக்கையிடம் சொல்ல வழி கிடைத்தது. அதையும் முதல் பெட்டியைப் படிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், படித்த பிறகு சொன்னால் பயனில்லை. அதே பதிப்பில் ஃபில்டர் என்ற வசதியும் வந்தது. வாசலிலேயே ஒரு ஃபில்டர் வைத்து இதைச் சொல்லிவிடலாம். என் ப்ராஜெக்ட்டில் உள்ளே வரும் தமிழுக்கு ஒரு ஃபில்டர், வெளியே போகும் தமிழுக்கு ஜேஎஸ்பி தலைப்பில் ஒரு வரி. இரண்டையும் போட்டதும் தமிழ் பிழைத்துக்கொண்டது. நாலைந்து வரி வேலை. அதற்கு இரண்டு நாள் அலைந்திருக்கிறேன்!

நம்பியதால் வந்த வினை

இதுவரை சொன்னது பயனர் எழுதியதை மறக்காமல் இருப்பது பற்றி. நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு.

என் ப்ராஜெக்ட்டை ஸ்பிரிங்குக்கு மாற்றிய பிறகு நண்பன் ஒருவன் சோதித்தான். படிவத்தில் இல்லாத ஒரு பெட்டியை பிரௌசரிலேயே சேர்த்து, கட்டணம் கட்டியாயிற்று என்று அனுப்பினான். மாணவர் பீனில் அந்தப் பண்பு இருந்ததால், ஃபிரேம்வொர்க் சமர்த்தாக எடுத்துப் போட்டுக்கொண்டது. ஒரு பைசா கட்டாமல் அவன் பெயருக்கு நேராக 'கட்டியாயிற்று'. படிவத்தில் நாம் காட்டிய பெட்டிகள் மட்டும்தான் வரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எந்தப் பெட்டிகளை ஏற்கலாம் என்று பட்டியல் கொடுக்க ஸ்பிரிங்கில் வழி இருக்கிறது. நான்தான் கொடுக்கவில்லை.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஜாவாவில் எந்த ஆப்ஜெக்டிடமும் அதன் கிளாஸைக் கேட்கலாம், அங்கிருந்து கிளாஸ்லோடருக்குப் போகலாம். பெட்டியின் பெயரையே அந்தப் பாதையாக எழுதி அனுப்பினால் சர்வரின் உள் அமைப்புகளை மாற்றலாம் என்று கண்டுபிடித்தார்கள். 2010-ல் ஸ்பிரிங்கில் இந்த ஓட்டை தெரிந்து அடைத்தார்கள். 2014-ல் ஸ்ட்ரட்ஸ் 1-ல் அதே வகை ஓட்டை. அப்போது அதற்கு ஆதரவு நிறுத்தி ஓராண்டு ஆகியிருந்தது. 2017-ல் வந்த ஜாவா 9-ல் மாட்யூல் என்ற புதுச் சந்து திறந்ததால், ஸ்பிரிங் அடைத்த பாதைக்குச் சுற்றுவழி உண்டானது. அதுதான் 2022 மார்ச்சில் 'ஸ்பிரிங்4ஷெல்' என்ற பெயரில் பரபரப்பானது.

எல்லாவற்றிலும் கொடுமை 2017-ல் ஸ்ட்ரட்ஸ் 2-ல் நடந்தது. கோப்பு ஏற்றும் கோரிக்கையில் அதன் வகையைச் சொல்லும் தலைப்பு தவறாக இருந்தால், அந்தத் தவறான எழுத்தையும் சேர்த்து ஒரு பிழைச் செய்தி தயாராகும். தயாரிக்கும்போது அதில் உள்ளதை நிரல் கோவையாக எண்ணி இயக்கிவிட்டது. பயனரின் தவறைத் திருப்பிக் காட்டப் போய், அவர் எழுதியதையே ஓடவிட்ட கதை. மார்ச் 7-ல் திருத்தம் வெளியானது. அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் ஒரு தளத்தில் அதைப் போடாமல் விட்டது. மே மாதம் உள்ளே புகுந்தவர்கள் ஜூலை வரை இருந்தார்கள். சுமார் 14.7 கோடி மக்களின் விவரங்கள் போயின.

முடிவாக

முப்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். படிவம் எழுதும் நிரலருக்கு இரண்டு கடமைகள். எதிரில் இருப்பவர் எழுதியதைத் தொலைக்கக் கூடாது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. ஃபிரேம்வொர்க்குகள் முதல் கடமையை நமக்காகச் செய்துகொடுக்கின்றன. இரண்டாவதை இன்னும் நாம்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ப்ராஜெக்ட் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெமோவுக்கு முன் உங்கள் படிவத்தில் ஒரே ஒரு தவறு செய்து அனுப்பிப் பாருங்கள். தமிழில் ஒரு பெயர் போட்டுப் பாருங்கள். ரெஃப்ரெஷ் அழுத்துங்கள். பிறகு உங்கள் வகுப்பின் வால்தனமான ஒருவனிடம் கொடுங்கள். கடைசி நாள் இரவில் யாரோ ஒருவர் அதை நிரப்பப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கட்டுரையில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். நீங்கள் எழுதியதை அழிக்க மாட்டேன் :)