சூயிங்கம் முதல் நீதிமன்றம் வரை: விளையாட்டு அட்டைகளின் தனியுரிமக் கதை

காற்பந்து ரசிகர்களுக்குப் பனினி என்ற பெயர் புதிதல்ல. 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கிண்ணப் போட்டிக்கே ஸ்டிக்கர் ஆல்பம் வெளியிட்ட இத்தாலிய நிறுவனம் அது. அமெரிக்காவில் ஸ்டிக்கரின் இடத்தைப் பிடித்திருப்பவை அட்டைகள். பேஸ்பால், கூடைப்பந்து என ஒவ்வொரு விளையாட்டுக்கும் அட்டைகள் உண்டு. பாக்கெட்டைப் பிரிக்கும்வரை உள்ளே இருப்பது யாருடைய படம் என்று தெரியாது. அந்த எதிர்பார்ப்புதான் பள்ளிச் சிறுவனையும் இழுக்கிறது, ஐம்பது வயதுக்காரரையும் இழுக்கிறது. ஆனால், அதை அச்சிடும் உரிமை யாருக்கு என்பது மட்டும் அவர்கள் இல்லாத அறையில்தான் முடிவாகிறது.

ஓர் அட்டையில் இரண்டு உரிமைகள் அடங்கியுள்ளன. விளையாட்டாளரின் முகமும் பெயரும் ஒன்று. அதற்கான அனுமதியைப் பெரும்பாலும் விளையாட்டாளர் சங்கம் வழங்குகிறது. தொப்பியிலும் சட்டையிலும் உள்ள குழுச் சின்னம் மற்றொன்று; அது லீக் அமைப்பின் சொத்து. இரண்டும் ஒன்றுசேர்ந்தால்தான் அது முழுமையான அட்டை.

1948இல் பௌமன் நிறுவனம் சூயிங்கத்தோடு பேஸ்பால் அட்டைகளை விற்கத் தொடங்கியது. 1951இல் டாப்ஸ் போட்டிக்கு வந்தது. ஒரே விளையாட்டாளரை இருவரும் ஒப்பந்தம் செய்ய, விவகாரம் நீதிமன்றம் ஏறியது. விளையாட்டாளருக்குத் தம் படத்தின்மீது விளம்பர உரிமை உண்டு, அதை ஒருவருக்கே தனியாக வழங்கவும் முடியும் என்று 1953இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றைய தனியுரிம ஒப்பந்தங்களுக்கு அந்தத் தீர்ப்பே அடித்தளம் எனலாம்.

1956இல் டாப்ஸ் பௌமனையே விலைக்கு வாங்கிவிட்டது. அடுத்த கால் நூற்றாண்டுக்குப் பேஸ்பால் அட்டை என்றாலே டாப்ஸ்தான். ஃப்ளீர் நிறுவனம் 1963இல் சூயிங்கத்திற்குப் பதிலாகப் பிஸ்கட்டை வைத்து அட்டை விற்றுப் பார்த்தது. டாப்ஸ் சட்ட நடவடிக்கை எடுத்ததும் அந்த முயற்சி நின்றது.

இந்த ஏற்பாட்டில் விளையாட்டாளருக்குக் கிடைத்தது என்ன? ஆண்டுக்கு வெறும் 125 டாலர். 1966இல் சங்கப் பொறுப்பேற்ற மார்வின் மில்லர் இதைக் கேள்வி கேட்டார். டாப்ஸ் அசைந்து கொடுக்கவில்லை. விளையாட்டாளர்கள் அதன் கேமராவுக்கு முன்னால் நிற்க மறுத்தார்கள். படம் இல்லாமல் அட்டை ஏது? 1968இல் டாப்ஸ் இறங்கி வந்தது. தொகை 250 டாலரானது. விற்பனையிலும் பங்கு கிடைத்தது.

போட்டி கொடுத்ததும் கெடுத்ததும்

1975இல் ஃப்ளீர் வழக்குத் தொடுத்தது. 1980இல் தீர்ப்பு அதற்குச் சாதகமாக வர, 1981இல் டாப்ஸ், ஃப்ளீர், டான்ரஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் அட்டைகள் கடைக்கு வந்தன. அதே ஆண்டு மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. ஆனால், டாப்ஸின் தனியுரிமம் சூயிங்கத்தோடும் மிட்டாயோடும் விற்கும் அட்டைகளுக்கே பொருந்தியது. எனவே ஃப்ளீர் ஸ்டிக்கரோடும் டான்ரஸ் புதிர்ப்படத் துண்டுகளோடும் விற்பனையைத் தொடர்ந்தன. ஒரு துண்டு சூயிங்கமே ஏகபோகத்தின் எல்லைக்கோடானது!

போட்டியால் சேகரிப்பாளருக்கு நன்மை விளைந்தது. 1989இல் அப்பர் டெக் நிறுவனம் தரமான தாளில், போலிகளைத் தடுக்கும் ஹோலோகிராமுடன் அட்டைகளை வெளியிட்டது. மற்ற நிறுவனங்களும் தரத்தை உயர்த்த வேண்டியதாயிற்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் நிறுவனங்கள் அளவுக்கு மீறி அச்சடித்துக் குவித்தன. பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு உதவும் என்று பெட்டி பெட்டியாய் வாங்கி வைத்தவர்களும் இருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்று தாள் விலைக்குத்தான் போகும்.

சின்னம் இல்லாத தொப்பி

கடையில் குழப்பத்தைக் குறைக்க வேண்டும், சிறுவர்களை மீண்டும் ஈர்க்க வேண்டும் என்ற காரணங்களோடு 2009இல் பேஸ்பால் லீக் டாப்ஸுக்குத் தனியுரிமம் வழங்கியது. அது 2010இல் நடப்புக்கு வந்தது. அப்பர் டெக்கிடம் விளையாட்டாளர் சங்கத்தின் அனுமதி மட்டுமே எஞ்சியது. அது வெளியிட்ட அட்டைகளில் குழுச் சின்னங்கள் தெரிந்ததால் லீக் வழக்குத் தொடுத்தது. சில வாரங்களில் அது சமரசத்தில் முடிந்தது. பின்னர் பனினி வெளியிட்ட பேஸ்பால் அட்டைகளில் முகம் இருந்தது, தொப்பியில் சின்னம் இல்லை.

கூடைப்பந்தில் நிலைமை வேறு. அங்கே 2009-10 பருவத்திலிருந்து தனியுரிமம் பனினியிடம் இருந்தது. நட்சத்திர வீரர் லெப்ரான் ஜேம்ஸின் கையொப்ப ஒப்பந்தமோ அப்பர் டெக்கிடம். என்பிஏ சீருடை ஒரு நிறுவனத்திடம், கையொப்பம் மற்றொரு நிறுவனத்திடம். இரண்டும் ஒரே புது அட்டையில் வேண்டும் என்ற ரசிகருக்குப் பல ஆண்டுகள் ஏமாற்றமே மிஞ்சியது.

2021 ஆகஸ்ட்டில் நிலைமை தலைகீழானது. விளையாட்டு உடை விற்பனையில் பெயர் பெற்ற ஃபனாட்டிக்ஸ் நிறுவனம் பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் காற்பந்து ஆகியவற்றின் எதிர்கால உரிமங்களை வளைத்துப் போட்டது. பங்குச் சந்தைக்குள் நுழையத் தயாராக இருந்த டாப்ஸின் திட்டம் சரிந்தது. 2022 ஜனவரியில் டாப்ஸின் அட்டைத் தொழிலையே ஃபனாட்டிக்ஸ் வாங்கியது. 2023இல் அட்டைகளை ஏலம் விடும் ஒரு நிறுவனத்தையும் வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பனினி அதன்மீது ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. ஃபனாட்டிக்ஸும் எதிர்வழக்குப் போட்டது. 2025-26 பருவத்தில் என்பிஏ உரிமம் டாப்ஸ் பெயருக்கு மாறியது.

ஒரே நிறுவனம் என்றால் ஒழுங்கு இருக்கும், புதிய ரசிகருக்கு எதை வாங்குவது என்ற குழப்பம் இருக்காது என்பது ஒரு தரப்பின் வாதம். அச்சிடுவதும் விற்பதும் மறுவிற்பனையும் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டால் விலையையும் தரத்தையும் தட்டிக் கேட்பது யார் என்பது மறுதரப்பின் கேள்வி. வரலாறு இரு தரப்புக்கும் சான்று வைத்திருக்கிறது. ஆயினும், ஒவ்வொரு திருப்பத்திலும் லீக்கிற்கு வழக்கறிஞர் இருந்தார், விளையாட்டாளருக்குச் சங்கம் இருந்தது. பணம் கொடுத்து அட்டை வாங்கும் சேகரிப்பாளருக்கு மட்டும் அந்த மேசையில் நாற்காலி இருந்ததில்லை.

கேமராவுக்கு முன்னால் நிற்க மாட்டோம் என்ற ஒரு சொல்லால் அன்று விளையாட்டாளர்கள் தங்கள் பங்கைப் பெற்றார்கள். சேகரிப்பாளரிடம் இருப்பது பணப்பை ஒன்றுதான். அதை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்ற உரிமையை எந்த ஒப்பந்தமும் இதுவரை வாங்கிவிடவில்லை.