மண்டூர் கந்தசுவாமி கோயில்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், போரதீவுப்பற்றுப் பிரதேசத்தில் உள்ள முருகன் தலம். பிரதேச செயலகம் வெல்லாவெளியில் இருக்கிறது. கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து வருவோர் குருமண்வெளித் துறையில் வாவியைக் கடப்பது வழக்கம். ‘சின்னக் கதிர்காமம்’ என்பது ஊர் வழங்கும் பெயர்.

இக்கோயிலின் தனித்தன்மை கட்டடத்தில் இல்லை, பூசையில் இருக்கிறது. கருவறையில் திரை தொங்கும். அடியார் கும்பிடுவது திரையைத்தான். பூசை செய்யும் கப்புகனார் துணியால் வாயைக் கட்டிக்கொள்வார். மந்திரம் ஓதுவதில்லை. ஆகம முறைக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதுமையாகவே படும்.

ஜப்பானின் ஈசே ஆலயத்திலும் புனிதக் கண்ணாடி எவர் கண்ணுக்கும் காட்டப்படுவதில்லை. வழிபடுவோர் வெண்திரை தொங்கும் வாயிலோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே இருபது ஆண்டுக்கொரு முறை ஆலயத்தையே ஹினோக்கி மரத்தால் புதிதாகக் கட்டுவார்கள். கடைசியாக 2013இல் கட்டினார்கள். பழமை என்பது கட்டடத்தின் வயது மட்டுமல்ல என்பதற்கு இரண்டுமே சான்று.

மண்டூரில் ஆண்டுத் திருவிழா ஆவணிப் பௌர்ணமித் தீர்த்தத்தோடு முடியும். மானிடவியலாளர் மார்க் விட்டேக்கர் இக்கோயிலை ஆய்ந்து எழுதிய ஆங்கில நூல் 1999இல் வெளிவந்தது.