வருஷத்துல சில நாள்தான் வெளியே வரும்... ஊதா தவளை பற்றித் தெரியுமா?

மழை வந்தா தவளை கத்தும், தெரிஞ்ச கதைதான். ஆனா, வருஷம் முழுக்க மண்ணுக்குள்ளேயே இருந்துட்டு, மழைக்காலத்துல சில நாள் மட்டும் மேலே வர்ற தவளை நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கு. அதுதான் ஊதா தவளை.

எப்படி இருக்கும்?

உப்பிய ஊதா நிற உடம்பு, குட்டிக் கண்கள், பன்றி மாதிரி கூர்மையான மூக்கு. குட்டையான, பலமான கால்களால் மண்ணைத் தோண்டும். நிலத்தடியில் கரையான்களைத் தின்று வாழும்.

ஏன் இவ்வளவு முக்கியம்?

மலைவாழ் மக்களுக்கு முன்பே தெரிந்த இந்தத் தவளையை, 2003ல் எஸ்.டி.பிஜு, ஃபிராங்கி பொசுயட் ஆகிய விஞ்ஞானிகள் புதிய இனமாக அறிவித்தனர். கிடைத்தது கேரளாவின் இடுக்கியில். ஆனால், நெருங்கிய சொந்தக்காரர்கள் இருப்பதோ கடல் தாண்டி, செஷல்ஸ் தீவுகளில்! இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலப்பரப்பாக இருந்த காலத்து வம்சம் இது. டைனோசர்கள் அழிந்தபோதும் இந்த வம்சம் தப்பிவிட்டது.

தமிழ்நாட்டில் இருக்கா?

இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியில் கிடைத்த தவளை 2017ல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. மறைந்த ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. கேரளத் தவளை தென்மேற்குப் பருவமழையை ஒட்டி முட்டையிடும். இதுக்கு வடகிழக்குப் பருவமழைதான் சீசன்.

ஓடை இல்லைன்னா?

இங்கதான் சிக்கல். மழைக்கு ஓடத் தொடங்கும் காட்டு ஓடைகளின் பாறை இடுக்குகளில்தான் இது முட்டையிடும். தலைப்பிரட்டைகள் வேகமான தண்ணீரில் அடித்துப் போகாமல், உறிஞ்சும் வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். வாரக்கணக்கில் அப்படியே வளரும்.

அந்த ஓடைகள் கோடையில் வெறும் பாறையாகக் காய்ந்து கிடக்கும். 'தண்ணியே இல்லையே'ன்னு நினைச்சு அங்கே தடுப்பணை கட்டினால், தண்ணீர் தேங்கும், வேகம் குறையும். ஓடும் தண்ணீருக்கென்றே அமைந்த தலைப்பிரட்டைக்கு அது சரிப்படாது. காடு தோட்டமாக மாறுவதும், மழை இரவுகளில் ரோட்டைக் கடக்கும் தவளைகள் வண்டியில் அடிபடுவதும் மற்ற ஆபத்துகள்.

வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற வாய்ப்பு அது. அந்தச் சில நாளில் ஓடை ஓடணும். இல்லைன்னா, அந்த வருஷம் அந்த ஓடையில் புதுத் தலைமுறையே இல்லை.