அமில சல்பேட் மண்ணுக்கு ஏற்ற காரம்

அமில சல்பேட் மண் என்பது கந்தக அமிலத்தைத் தனக்குள்ளேயே சுரக்கும் கரையோரக் களிமண். மலேசியாவின் ஜொகூரில் மெர்சிங் ஆறு தென்சீனக் கடலில் கலக்கும் இடத்தில் உள்ளது போன்ற அலையாத்திச் சேற்றில்தான் இதற்கு மூலமான பைரைட் என்னும் இரும்பு சல்பைடு உருவாகிறது. தண்ணீருக்குள் கிடக்கும்வரை அதனால் தீங்கில்லை. செம்பனைக்கோ நெல்லுக்கோ கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் காற்றுப் பட்டு, 120 கிலோ பைரைட்டிலிருந்து 196 கிலோ கந்தக அமிலம் பிறக்கும். பிஎச் 3.5-க்கும் கீழே போகும். கால்வாயில் துருநிறச் சேறு படியும். மண்கட்டியைப் பிட்டால் வைக்கோல் நிறத்தில் ஜாரோசைட் என்னும் கனிமத் திட்டுகள் தெரியும். கரைந்து வரும் அலுமினியம் வேரைக் குறுக்கிவிடும்.

வலிய அமிலத்தை வலிய காரத்தால்தான் அடக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். 98 கிலோ கந்தக அமிலத்தை நடுநிலையாக்க 80 கிலோ காஸ்டிக் சோடா, 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு, 100 கிலோ சுண்ணாம்புக்கல் என ஏதாவது ஒன்று போதும். எடைக் கணக்கில் நீற்றிய சுண்ணாம்பே சிக்கனம். ஆனால் அளவு சற்றுக் கூடினால் பிஎச் 12-ஐத் தாண்டிப் பயிரைக் கருக்கும். காஸ்டிக் சோடாவின் சோடியமோ களிமண்ணின் கட்டமைப்பையே குலைக்கும். சுண்ணாம்புக்கல் மெதுவாகக் கரையும். எவ்வளவு போட்டாலும் பிஎச் ஏறக்குறைய 8.3-இல் நின்றுவிடும். வயலில் கை தவறுவது இயல்பு. அந்தத் தவறைப் பொறுக்கும் காரமே நல்ல காரம்.

மலேசியத் தோட்டங்களில் ஜி.எம்.எல். எனப்படும் மெக்னீசியச் சுண்ணாம்புக்கல் தூளை இடுவது இதனால்தான். செம்பனைக்கு வேண்டிய மெக்னீசியமும் அதில் கிடைக்கிறது. தூள் நைசாக இருக்க வேண்டும். பெரிய துண்டுகளின்மேல் ஜிப்சம் படிந்து, உள்ளிருக்கும் கல் வினைபுரியாமல் போகும்.

 

சுண்ணாம்புக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு ஹெக்டேரின் மேல்மண் சுமார் 2,000 டன். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு பைரைட் இருந்து முழுவதும் அமிலமானால், அதை அடக்க 33 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். நெல் வயல்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதோ ஹெக்டேருக்கு 4 டன் அளவில்தான். ஆகவே கால்வாயில் தடுப்பு வைத்து, நீர்மட்டத்தைப் பைரைட் அடுக்குக்கு மேலே நிறுத்துவதே முதல் வேலை. சுண்ணாம்பு அதற்கு அடுத்ததுதான்.