அச்சத்துக்குச் சிலை இல்லை

அச்சம் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நாலாகச் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், புலி, திருடன் வரிசையில் ஒருவனுடைய சொந்த அரசனும் நிற்கிறான். தமிழ் எம்.ஏ. வகுப்பில் இதை ஒப்பித்துவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். லத்திக்கு எதிரே நிற்கும்போதுதான் அந்த நாலாவது உறைக்கும். நம் போராட்ட வரலாறுகளோ அச்சத்தைத் தொடாமலே பெருமிதத்துக்குத் தாவிவிடுகின்றன. விளைவு, முதன்முதலாக ஊர்வலத்துக்கு வருகிற பையனோ பெண்ணோ, வயிறு கலங்கினால் அதைத் தன் கோழைத்தனமென்று நினைத்து மறைக்க வேண்டியிருக்கிறது. பயம் இப்படித் தனியாள் சமாச்சாரமாகிவிடுவது அதிகாரத்துக்கு ரொம்ப வசதி.

1944இல் கடலூரில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த பெரியார் மேல் ஒரு செருப்பு வந்து விழுந்தது. கொஞ்ச தூரம் போனவர், வண்டியைத் திருப்பச் சொல்லி அதே இடத்துக்கு வந்தார். ஜோடிச் செருப்பும் கிடைத்தது. எடுத்துக்கொண்டு போனார். 1972இல் அங்கே சிலை வைத்தார்கள். மேடையில் இதை வீரமென்றுதான் பேசுகிறோம். எனக்கு அப்படிப் படவில்லை. வீசியவன் எதிர்பார்த்தது ஓட்டத்தை, இல்லாவிட்டால் கோபத்தை. கிடைத்தது ஒரு சிக்கனக்காரரின் கணக்கு. கூட இருந்தவர்கள் சிரித்துவிடலாம். நகை புகுந்த இடத்தில் அச்சத்துக்கு அவ்வளவாக வேலையில்லை.

கடலூர் அஞ்சலையம்மாளின் வழி வேறு. 1927இல் நீல் சிலைப் போராட்டத்தில் சிறுமியான மகளோடு சிறை போனவர். பிறகு கர்ப்பிணியாக வேலூர்ச் சிறையில் இருந்து, பிரசவத்துக்கு வெளியே வந்து, கைக்குழந்தையோடு திரும்பிப் போனார். பிள்ளைகுட்டியைக் காட்டித்தான் பெண்களை வீட்டில் உட்கார வைப்பார்கள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டே உள்ளே போகிறவரிடம் அந்த மிரட்டல் செல்லாது. 1934இல் காந்தி கடலூர் வந்தபோது இவரைச் சந்திக்க அரசு தடை போட்டது. பர்தா அணிந்து குதிரை வண்டியில் போய்ப் பார்த்தார். தென்னாட்டு ஜான்சி ராணி என்ற பட்டத்தில் வாள் தெரிகிறது, பர்தா தெரியவில்லை. பயமே இல்லாதவருக்குப் பர்தா எதற்கு? பிடிபடுவோம் என்ற பயத்தை ஒளிக்காமல் கணக்கில் சேர்த்துப் போட்ட திட்டம் அது.

அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்துக் கறுப்பின மாணவர்கள் இதைக் கூட்டாகவே செய்தார்கள். ஜேம்ஸ் லாசன் நடத்திய பயிற்சிகளில் ஒருவரையொருவர் திட்டியும் தள்ளியும் ஒத்திகை பார்த்த பிறகே, 1960இல் வெள்ளையருக்கென்று ஒதுக்கியிருந்த உணவுக்கடை இருக்கைகளில் போய் உட்கார்ந்தார்கள்.

சிதம்பரத்தில் 1965 ஜனவரி 27 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீது போலீஸ் சுட்டது. ராசேந்திரன் செத்துப்போனார். இன்று அவருக்குச் சிலை இருக்கிறது. பக்கத்தில் நடந்துவந்து உயிரோடு திரும்பியவர்கள் அன்றிரவு விடுதியில் எப்படிப் படுத்திருப்பார்கள் என்பதைத்தான் நாம் எழுதி வைத்திருக்க வேண்டும். அடுத்து வருகிறவனுக்கு உபயோகப்படுவது அதுதான்.

அந்த மாணவர்களின் தோளில் ஏறித்தான் 1967இல் தி.மு.க. கோட்டைக்குப் போனது. 1971இல் அதே பல்கலைக்கழகம் முதல்வர் கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் கொடுத்தபோது எதிர்த்த மாணவர்கள் அடிபட்டார்கள். உதயகுமார் என்ற மாணவர் குளத்தில் பிணமாகக் கிடந்தார். இந்த முறை இறை, நிஜமாகவே 'தம்' இறை. ஊர்வலத்தில் வருகிறவர்கள் பயத்தைப் பக்கத்திலிருப்பவரோடு பங்கு போட்டுக்கொள்ளலாம், கோஷமாகவாவது கத்தித் தீர்க்கலாம். வீட்டிலிருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். செத்தது தன் மகனே இல்லை என்று தகப்பனாரைச் சொல்ல வைத்தார்கள் என்ற பேச்சு இன்னும் அடங்கவில்லை.